கரும்பலகையில் நான் போட்ட ஒற்றைக் கோடு



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு, நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வருடமாக டீச்சர் ஏன் ஒன்றுமே எழுதுவதில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் தினத்துக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்துகளுக்குக்கூட நான் பதில் போடவில்லை. கல்யாணப் பத்திரிகை வைத்தவர்கள் வீட்டுக்கும் வரவில்லை. கோபம் எதுவும் இல்லை.

எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன்.

இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன், நீங்கள் பதறாமல் மீதியைப் படிப்பதற்காக. அனுதாபம் தேடி இதை எழுதவில்லை. நான் இரண்டு தப்பு செய்திருக்கிறேன். ஒன்று வகுப்பறையில், ஒன்று வீட்டில். இரண்டையும் சொல்லிவிட்டால் மனசு லேசாகும். உங்களில் யாராவது ஒருவருக்காவது அது பயன்படவும் செய்யும்.

முதலில் வகுப்பறைத் தப்பு.

1996-ஆ 97-ஆ, சரியாக நினைவில்லை. பதினோராம் வகுப்பு. செல் பாடம். வழக்கம்போல கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டேன். "இந்தக் கோடுதான் செல் சவ்வு. நம்ம காட்டுக்கு வேலி இருக்கற மாதிரி செல்லுக்கு இது வேலி. வேண்டியதை உள்ளே விடும், வேண்டாததை வெளியே நிறுத்தும்" என்றேன். 31 வருடமும் இதே வாக்கியம்தான். உங்களில் பல பேருக்கு இப்போதும் மனப்பாடமாக இருக்கும்.

மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். மூலனூர்ப் பக்கம், கொரங்காடு வைத்திருந்த குடும்பம். "டீச்சர், எங்க காட்டு வேலி கிளுவை வேலிங்க. மழை பேஞ்சா துளுக்குமுங்க. இந்த வேலியும் அப்படி உசுரோட இருக்குதுங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் உட்காரவில்லை. "மாத்திரை சாப்பிட்டா அது இந்த வேலியை எப்படித் தாண்டி உள்ள போகுமுங் டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் அந்த வயதில் தைரியம் இல்லை. "பரீட்சைல வராத கேள்வியெல்லாம் கேக்காத, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அந்த வருடம் முழுக்க அவள் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவே இல்லை.

இந்தப் பதிவின் பாதி அவளுக்கான பதில். 28 வருடம் தாமதம்.

இனி வீட்டுத் தப்பு.

2023 பொங்கல் முடிந்த வாரம். குளிக்கும்போது இடது மார்பில் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்? சுகாதார முகாமில் மைக் பிடித்துக்கூடப் பேசியிருக்கிறேன். ஆனால் அப்போது சின்னவளுக்கு நிச்சயம் முடிந்து, வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தோம். பெண்ணின் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? இது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. அவரிடமும் சொல்லவில்லை. மூத்தவளிடமும் சொல்லவில்லை. மண்டபம், சீர், புடவை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். ராத்திரி படுக்கும்போது மட்டும் கை தானாக அந்த இடத்துக்குப் போகும்.

கல்யாணம் முடிந்து மறுவீடு அழைத்து அனுப்பிய பிறகுதான் வாயைத் திறந்தேன். நாலரை மாதம். கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. கோயம்புத்தூருக்குக் காரில் போகும்போது மூத்தவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தியேம்மா." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சதைப் பரிசோதனை முடிவு வந்தது. அதில் 'ஹெர்-2: 3+' என்று இருந்தது. எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் என் மூத்தவள் வயதுதான் இருப்பார். நான் உயிரியல் டீச்சர் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. மருந்துச் சீட்டைத் திருப்பிப் பேனாவால் ஒரு கோடு போட்டார். நான் 31 வருடம் போட்ட அதே கோடு. "இது செல் சவ்வுங்கம்மா" என்றார். பிறகு அந்தக் கோட்டின் மேல் குச்சி குச்சியாக நிறையப் போட்டார். "இதெல்லாம் ஹெர்-2 ஏற்பி. உங்க கட்டியோட செல்லில இது அளவுக்கு மீறி இருக்கு. உங்க நோயே இந்தக் கோட்டு மேலதான் இருக்குன்னு வெச்சுக்குங்க."

அன்றிலிருந்து நான் மறுபடியும் மாணவியானேன். ஊசி ஏறும் மணிக்கணக்கான நேரத்தில் வேறு என்ன வேலை? மூத்தவளின் கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். புரியாததை அடுத்த முறை டாக்டரிடம் கேட்டேன்.

நான் போட்ட கோட்டில் முதல் தப்பு, அதை ஒற்றைக் கோடாகப் போட்டது. சவ்வு என்பது இரண்டு வரிசைக் கொழுப்பு மூலக்கூறுகள். மொத்தத் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூறு போட்டால் அதில் ஒரு கூறு. இரண்டு வரிசையும் ஒன்றுபோல இருக்காது. பாஸ்பாடிடைல்செரீன் என்றொரு கொழுப்பு உண்டு. அது நல்ல செல்லில் உள்வரிசையில்தான் இருக்கும். மருந்து பட்டு செல் சாகத் தொடங்கும்போது அது வெளிவரிசைக்குத் திரும்பிவிடும். துப்புரவு செய்யும் வெள்ளணுக்கள் அந்த அடையாளத்தைப் பார்த்து வந்து, செத்த செல்லை விழுங்கிச் சுத்தம் செய்துவிடும். சாவு வீட்டு வாசலில் சங்கு ஊதுவது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தப்பு, அதை அசையாத கோடாகப் போட்டது. 1972-ல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் சொன்ன பாய்மத் திட்டு மாதிரியைப் பாடமாக நடத்தியவள்தான் நான். கொழுப்பு வரிசை எண்ணெய்ப் படலம் போல நெகிழ்ந்து ஓடும், அதில் புரதங்கள் மிதந்து நகரும் என்று சொல்லிக் கொடுத்தேன். சொன்னேனே தவிர, படம் போடும்போது வேலிதான் போட்டேன். துளிர்க்கும் வேலி என்று அந்தப் பெண் சொன்னதுதான் உண்மைக்கு அருகில் இருந்தது.

இனி, மருந்து அந்த வேலியை எப்படித் தாண்டுகிறது? என் உடம்பிலேயே மூன்று விதமான பதில் கிடைத்தது.

முதல் பதில் சிவப்பு மருந்து. டாக்ஸோரூபிசின். அறுவை சிகிச்சை முடிந்ததும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நான்கு முறை போட்டார்கள். ரோஸ்மில்க் எசன்ஸ் போலச் சிவப்பு. மறுநாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இரண்டாவது ஊசிக்குள் தலைமுடி கொட்டிவிட்டது. இன்றுவரை ரோஸ்மில்க் குடிக்க முடியவில்லை.

இந்த மருந்தின் ஊர் இத்தாலி. 1950-களில் அங்கே ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்துக் குடும்பம். ஏட்ரியாடிக் கடலின் பெயரால் இதற்கு ஏட்ரியாமைசின் என்றும் பெயர். இது சின்ன மூலக்கூறு. சவ்வின் கொழுப்புக்குள் ஊறி, அந்தப் பக்கம் இறங்கி, உட்கருவுக்குப் போய் டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு இடையில் சொருகிக்கொள்ளும். செல்லால் பிரிய முடியாது. இதுதான் இதன் முக்கிய வேலை.

ஆனால் 1982-ல் டிரிட்டன், யீ என்ற இருவர் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். இந்த மருந்தைச் சின்னச் சின்ன மணிகளில் ஒட்டவைத்து, எலியின் ரத்தப் புற்றுச் செல்களோடு சேர்த்தார்கள். மணி பெரிது. செல்லுக்குள் நுழைய முடியாது. மருந்து வெளியே இருந்தபடி சவ்வைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. அப்படியும் செல்கள் செத்தன. உட்கருவை எட்டாமல், சவ்வோடு உறவாடியே இந்த மருந்தால் செல்லைக் கொல்ல முடியும் என்று அப்போது தெரியவந்தது. படித்தபோது எனக்குக் கை சிலிர்த்தது. நான் பாடம் நடத்தத் தொடங்கும் முன்பே வந்துவிட்ட சேதி. அந்தப் பெண் கேட்ட அன்று எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது பதில், வேலியைத் தாண்டவே தாண்டாத மருந்து. டிராஸ்டுஸுமாப். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வருடம். இது எதிர்ப்புப் புரதம். சிவப்பு மருந்தைவிட மூலக்கூறு எடையில் ஏறக்குறைய 270 மடங்கு பெரிது. சவ்வுக்குள் ஊற அதனால் முடியாது, ஊறவும் தேவையில்லை. டாக்டர் போட்ட குச்சிகளின் தலையில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் அதன் வேலை.

அந்தக் குச்சிகளின் கதையைச் சொல்கிறேன். செல்லுக்கு வெளியிலிருந்து வரும் 'வளர்' என்ற சொல்லைக் கேட்கும் காதுகள் சவ்வில் இருக்கின்றன. அவைதான் ஏற்பிகள். ஹெர் குடும்பத்தில் நான்கு பேர். அதில் ஹெர்-2 விசித்திரமானது. அதற்கென்று நேராக வந்து சேரும் சொல் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. சொல்லைக் கேட்ட அக்கா தங்கைகளோடு ஜோடி சேர்ந்துகொண்டு சத்தத்தைப் பெரிதாக்கும். ஜோடி சேர்ந்ததும் சவ்வுக்கு உட்பக்கம் இருக்கும் வால் பகுதியில் பாஸ்பேட் ஏறும். அங்கிருந்து ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தட்டிவிட, அது அடுத்ததைத் தட்டிவிட, தண்டோரா போல உட்கருவரைக்கும் 'பிரி, பிரி' என்று செய்தி போகும். சாதாரண மார்பகச் செல்லில் இந்த ஹெர்-2 சில பத்தாயிரம் இருக்கும். என் போன்றவர்களின் கட்டிச் செல்லில் இருபது லட்சம் வரைகூட இருக்கலாம். யாரும் எதுவும் சொல்லாமலே அவை ஒன்றோடொன்று இடித்து ஜோடி சேர்ந்து கத்திக்கொண்டே இருக்கும். மார்பகப் புற்றுநோய் வந்த நூறு பேரில் சுமார் 15 முதல் 20 பேருக்கு இந்த வகை.

1987-ல் அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்லேமன் என்ற டாக்டரும் உடன் வேலை செய்தவர்களும், இந்த மரபணு பெருகிப்போன நோயாளிகளுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது, ஆயுளும் குறைகிறது என்று காட்டினார்கள். அன்றைக்கு 'ஹெர்-2 இருக்கிறது' என்றால் கெட்ட சேதி. அந்தக் காதையே அடைக்கும் மருந்து 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பிறகு அதே சேதிக்கு அர்த்தம் மாறிவிட்டது. டாக்டர் என்னிடம் '3+' என்பதைச் சொன்னபோது கூடவே, "இதுக்குன்னே மருந்து இருக்குங்கம்மா" என்றும் சொன்னார். 2014-ல் இந்தியாவிலேயே இதன் ஒத்த மருந்து விற்பனைக்கு வந்ததால் விலையும் இறங்கியது. அப்படியும் எங்கள் சேமிப்பில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது.

மருந்து ஹெர்-2 மேல் உட்கார்ந்ததும் கத்தல் அடங்குகிறது. அதோடு, மருந்தின் வால் பகுதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு நம் எதிர்ப்பு அணுக்கள் வந்து அந்தச் செல்லைத் தாக்கும். இதெல்லாம் வேலிக்கு வெளியிலேயே நடக்கிறது. 'எப்படித் தாண்டும்?' என்ற கேள்விக்கு, 'தாண்ட வேண்டியதே இல்லை கண்ணு' என்பதும் ஒரு பதில்.

இங்கேதான் எனக்கு ஒரு சோதனை வந்தது.

மருந்து தொடங்கி ஆறு மாதம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ராத்திரி இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிந்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. பாதிக் கிணறு தாண்டிவிட்டோம், இப்போது சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், வாயை மூடிக்கொண்டு முடித்துவிடலாம் என்று பழைய புத்தி மறுபடியும் தலைதூக்கியது. ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தேன். ராத்திரி அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். விடியற்காலையிலேயே கோயம்புத்தூர் கிளம்பிவிட்டோம்.

எக்கோ எடுத்தார்கள். இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று ஒரு கணக்கு உண்டு. தொடங்கும்போது எனக்கு 62 சதவீதம். அன்றைக்கு 46. "அடுத்த எக்கோ இன்னும் மூணு வாரம் கழிச்சுத்தான் போட்டிருந்தேன். நீங்களா வந்து சொன்னது நல்லதாப் போச்சுங்கம்மா" என்றார் டாக்டர். மருந்தை நிறுத்திவிட்டார்.

மார்புக் கட்டிக்குக் கொடுத்த மருந்து இதயத்தை ஏன் தொட வேண்டும்? இதயத் தசைச் செல்களின் சவ்விலும் அதே ஹெர்-2 இருக்கிறது. அங்கே அது நல்லவேலை செய்கிறது. இதயச் செல்லுக்கு அடி பட்டால், தாங்கு, தேறு என்று சொல்லும் வழி அதுதான். முதலில் போட்ட சிவப்பு மருந்து இதயத்துக்கு அடி கொடுக்கக்கூடியது. இதயச் செல்லின் மைட்டோகாண்ட்ரியா உட்சவ்வில் இருக்கும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்போடு அது ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆயுளுக்கும் இவ்வளவுதான் என்று அதற்கு எல்லை வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த எல்லைக்குள்தான் கொடுத்தார்கள். ஆனால் அடிபட்ட இதயம் தேறப் பார்க்கும்போது, தேற்றும் காதை இரண்டாவது மருந்து அடைத்துவிடுகிறது. இதனால்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதைத் தவிர்க்கிறார்கள், எக்கோவும் அடிக்கடி எடுக்கிறார்கள். நல்ல செய்தி, இரண்டாவது மருந்தால் வரும் சோர்வு பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும்.

ஆறு வாரம் மருந்து இல்லாமல், இதய மாத்திரையோடு இருந்தேன். கட்டிக்குக் காது திறந்துவிட்டதே, இந்நேரம் உள்ளே எங்காவது ஒரு செல் கத்த ஆரம்பித்திருக்குமோ என்று ராத்திரியெல்லாம் ஓடும். இதயம் தேற வேண்டும் என்று சாமியைக் கும்பிடுவதா, மிச்சம் இருந்தால் அந்தச் செல் தேறக் கூடாது என்று கும்பிடுவதா என்றே தெரியவில்லை. இரண்டுக்கும் காது ஒன்றுதானே.

அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள் மூலனூரிலிருந்து அண்ணன் வந்தார். மஞ்சள் பையில் ஒரு பொட்டலம். "அம்மிணி, தெரிஞ்சவங்க ஒருத்தர் குடுத்தாங்க. கண்வலிக்கிழங்குப் பொடி. சுத்தி பண்ணுனதுதான். வெளிநாட்டுக்காரனே நம்ம வெதைய வாங்கிட்டுப் போயி மருந்து பண்றான். நாம கையில வெச்சுக்கிட்டு எதுக்கு இவ்வளவு செலவு?" என்றார்.

அண்ணன் காட்டில் அதுதான் வெள்ளாமை. செங்காந்தள், நம் மாநில மலர். பூக்கும் பருவத்தில் காலை வெயிலுக்கு முன்னே அண்ணியும் கூலியாட்களும் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டுவைப்பார்கள். அந்த விதையில் இருப்பது கால்ச்சிசின். கீல்வாத மருந்துக்கு அது போகிறது. செல் பிரிவதை அது நிறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் அதைப் புற்றுநோய் மருந்தாகக் கொடுப்பதில்லை. அந்தக் கிழங்கைத் தின்று செத்தவர்கள் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். தங்கச்சி செத்துவிடுவாளோ என்ற பயம் அதை மறக்கடித்துவிட்டது.

"வேண்டாமுங்கண்ணா" என்றேன். முகம் வாடிவிட்டது. காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். பொட்டலத்தை நானே குழி தோண்டிப் புதைத்தேன். நாலு நாள் கழித்து அவரே போன் செய்து, "நான் கொண்டாந்திருக்கக் கூடாது சாமி" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கால்ச்சிசின்தான் எனக்கு மூன்றாவது பதிலைக் கொடுத்தது. 1976-ல் கனடாவின் டொரண்டோவில் ஜூலியானோ, லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள், கால்ச்சிசினுக்குச் சாகாமல் தாக்குப்பிடித்த வெள்ளெலிச் செல்களைப் பார்த்தார்கள். அவற்றின் சவ்வில் ஒரு பெரிய புரதம் நிறைய இருந்தது. மருந்தை உள்ளே விடாமல் சவ்வை இறுக்குகிறது என்று நினைத்து, ஊடுருவல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை வைத்துப் பி-கிளைக்கோபுரதம் என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு பம்ப்செட். உள்ளே ஊறி வந்த மருந்தை, ஆற்றல் செலவழித்து வெளியே இறைத்துவிடுகிறது. கால்ச்சிசினை மட்டும் அல்ல, என் சிவப்பு மருந்தையும், நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினையும் இறைக்கும். ஒரு மருந்துக்குப் பழகிய கட்டி, பார்த்தே இராத இன்னொரு மருந்துக்கும் அடங்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

சரி, பம்பை அடைத்துவிட்டால்? முயன்று பார்த்தார்கள். வழக்கமான வைத்தியமாக அது நிலைக்கவில்லை. அந்தப் பம்ப் நம் குடலிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும், மூளைக்கு ரத்தம் போகும் நாளங்களிலும் இருந்து நஞ்சை வெளியேற்றுகிறது. ஹெர்-2 கதைதான் இங்கேயும். கெட்டவனிடம் இருக்கும் ஆயுதம் நம்மிடமும் இருக்கிறது.

ஆக, அந்தப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். கண்ணு, ஒரு மருந்து வேலிக்குள் ஊறிப் போகும், போகிற வழியில் வேலியையும் உலுக்கும். ஒரு மருந்து வேலியின் மேலேயே உட்கார்ந்து அதன் காதை அடைக்கும். ஒரு வேலி, உள்ளே வந்த மருந்தைத் திரும்ப வெளியே இறைத்துவிடும். ஆமாம், அந்த வேலி உசுரோடதான் இருக்கிறது. நீ கேட்டது சரியான கேள்வி. உட்காரச் சொன்னது என் தப்பு.

ஆறு வாரம் கழித்து எக்கோவில் 54 வந்தது. மருந்தை மறுபடியும் தொடங்கினார்கள். இடைவெளி விழுந்ததால் ஒரு மாதம் தள்ளி, 2024 கார்த்திகையில் கடைசி ஊசி போட்டுக்கொண்டேன். விரல் நுனிகளில் இன்னும் மரத்த உணர்வு இருக்கிறது. கோலப்பொடி விரல் இடுக்கில் சரியாக நிற்பதில்லை. மார்கழியில் என் வாசல் கோலம் கோணல்மாணலாக இருந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். ஐந்து வருடம் தாண்டினால்தான் நிம்மதி என்கிறார்கள். நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சின்னவளின் மாமியார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். யாருக்குப் பயந்து நாலரை மாதம் ஒளித்தேனோ, அந்த அம்மாதான் சிவப்பு மருந்து போட்ட நான்கு முறையும் என்னோடு வந்து உட்கார்ந்திருந்தார். "முன்னமே சொல்லியிருந்தா கல்யாணத்தை மாசியிலயே முடிச்சிருக்கலாமேங்க" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார். அந்த நாலரை மாதத்தில் கட்டி எவ்வளவு பரவியது என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அறுவையின்போது அக்குளில் இரண்டு நிணநீர்க் கணுக்களில் இருந்தது. பொங்கலன்றே போயிருந்தால் இருந்திருக்குமா? இந்தக் கேள்வியோடுதான் மீதிக் காலம்.

பெண் பிள்ளைகளே, உங்களில் பல பேர் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள். கையில் ஏதாவது தட்டுப்பட்டால், மகள் கல்யாணமோ, வீட்டுக் கிரகப்பிரவேசமோ, பையன் பரீட்சையோ முடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ஒருவரிடமாவது சொல்லுங்கள். சிகிச்சை நடக்கும்போது மூச்சு வாங்கினால், கால் வீங்கினால், படபடப்பு வந்தால் அதையும் மறைக்காதீர்கள். யார் அன்போடு கொடுத்தாலும் பொடியையும் கஷாயத்தையும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள். ஆண் பிள்ளைகளே, வீட்டில் இதையெல்லாம் தயங்காமல் சொல்கிற மாதிரி நீங்கள் நடந்துகொள்ளுங்கள்.

உங்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒன்று. பரீட்சையில் வராத கேள்வியைப் பிள்ளை கேட்டால் உட்காரச் சொல்லாதீர்கள். தெரியாவிட்டால், 'தெரியலை கண்ணு, ரெண்டு பேரும் தேடிப் பார்ப்போம்' என்று சொல்லுங்கள்.

அந்த ஜன்னலோரப் பெண்ணின் பெயரை இங்கே எழுதவில்லை. 97, 98-ல் படித்தவர்களில் யாருக்காவது அவளோடு தொடர்பு இருந்தால், இந்தப் பதிவை அவளுக்குக் காட்டுங்கள். டீச்சர் பதில் சொல்லிவிட்டாள் என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி ஏதாவது வைத்திருந்தால் கேட்கவும் சொல்லுங்கள்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் உயிரியல் டீச்சர்
தாராபுரம்